கோலும் கட்டளையும்

1931 மே 14. இத்தாலியின் பொலோன்யா நகரில், தியேட்டர் வாசலில் ஃபாசிஸ்டுகள் ஆர்துரோ டோஸ்கனினியை முகத்தில் அறைந்தார்கள். அவருக்கு வயது 64. மறைந்த நண்பரும் இசையமைப்பாளருமான மார்துச்சியின் நினைவாக நடக்கவிருந்த கச்சேரி அது. மந்திரிகள் வருவதால் முதலில் ஃபாசிஸ்டுகளின் பாடலை வாசிக்க வேண்டும் என்றார்கள்; முடியாது என்றார். கச்சேரி நடக்கவில்லை. அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1946 வரை அவர் இத்தாலியில் கோலைத் தொடவில்லை.

இதை ஒரு வீரக் கதையாகச் சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் 1919-ல் மிலானில் முஸோலினியின் பட்டியலில் தேர்தலுக்கு நின்று தோற்றவர்களில் இதே டோஸ்கனினியும் ஒருவர். ஒத்திகையில் கத்துவார், திட்டுவார், கோலை உடைத்தெறிவார். இரண்டு யுத்தங்களுக்கு இடையே பத்திரிகையும் ரேடியோவும் கிராமபோனும் சேர்ந்து, மேடையில் தான் ஒரு ஸ்வரமும் எழுப்பாத இந்த மனிதனைப் பெரும் பிம்பமாக்கின. 1937-ல் அமெரிக்காவின் என்.பி.சி. ரேடியோ ஸ்தாபனம் அவருக்கென்றே ஓர் இசைக்குழுவை அமைத்தது. நூறு பேர் ஒரு கையசைவுக்குக் கட்டுப்பட்டு இயங்கும் காட்சியில் சர்வாதிகாரத்தின் சாயலைப் பார்த்தவர்கள் உண்டு. அந்தச் சாயல் உண்மையானால், மேடைக் கொடுங்கோலன் அரசியல் கொடுங்கோலனோடு ஒத்துப்போயிருக்க வேண்டும். நடந்தது வேறு.

1922 முதல் பெர்லின் ஃபில்ஹார்மனிக்கை நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். இவருடைய கோலசைவு தெளிவற்றது என்று பெயர் பெற்றது. எந்தக் கணத்தில் தொடங்குவது என்பதை வாத்தியக்காரர்களே உணர்ந்துகொள்ள வேண்டும். கட்டளை குறைந்து, கேட்டுணர்தல் மிகுந்த முறை இது. ஆனால் ஹிட்லரின் ஜெர்மனியில் தங்கியவர் இவர்தான்.

எதிர்ப்பே காட்டவில்லை என்பதில்லை. 1933 ஏப்ரலில் கோயபல்ஸுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், நல்ல கலை, கெட்ட கலை என்ற ஒரே பிரிவினையைத்தான் தாம் ஏற்பதாகச் சொன்னார். 1934 நவம்பரில் இசையமைப்பாளர் ஹிண்டமித்துக்கு ஆதரவாகப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அடுத்த மாதமே பதவிகளைத் துறந்தார். யூத வாத்தியக்காரர்கள் பலருக்கு உதவினார். ஆனால் 1935 ஏப்ரலில் மீண்டும் பெர்லின் மேடைக்கு வந்துவிட்டார்.

தங்கியவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். கடைசி வரிசை வயலின்காரனைப் பொறுத்தவரை நியாயமான கேள்வி. அவனுக்கு வெளிநாட்டில் யாரும் மேடை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. ஃபுர்ட்வெங்லருக்கு மேடை இருந்தது. 1936-ல் நியூயார்க் ஃபில்ஹார்மனிக்கில் தமக்குப் பின் அவர் வரலாம் என்று யோசனை சொன்னவரே டோஸ்கனினிதான். அங்கே எதிர்ப்புக் கிளம்பியது, ஃபுர்ட்வெங்லர் ஒதுங்கிக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் டோஸ்கனினி டெல் அவீவ் சென்று, பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் கலைஞர்களைக் கொண்ட புதிய இசைக்குழுவின் முதல் கச்சேரியை நடத்தினார்.

இருவருமே கலையைப் புனிதமாகக் கருதியவர்கள். புனிதத்தின் பக்கத்தில் எதை அனுமதிக்கக் கூடாது என்று ஒருவர் யோசித்தார். எதைச் சகித்தாவது அதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று மற்றவர் யோசித்தார். இரண்டாவது நிலை கீழ்த்தரமானதல்ல; எழுதுகிறவர்கள் பலரும் தம்மை அறியாமல் நிற்கிற இடம் அதுதான். அதில் உள்ள சிக்கல், காப்பாற்றப்படும் பொருள் யாருடைய அலமாரியில் இருக்கிறது என்பதைக் காப்பாற்றுகிறவன் பார்ப்பதில்லை. அரசியலிலிருந்து விலகி நிற்கும் கலையைத்தான் கோயபல்ஸால் சிரமமில்லாமல் காட்சிக்கு வைக்க முடிந்தது. டோஸ்கனினியின் மறுப்பில் கோட்பாடு அதிகம் இல்லை. தன் கச்சேரியில் எதை வாசிப்பது என்பதை இன்னொருவன் தீர்மானிக்க முடியாது என்ற முரட்டுப் பிடிவாதமே அது. அந்த நேரத்தில் அது போதுமானதாக இருந்தது.

1942 ஏப்ரல் 19, ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்தைய தினம். ஃபுர்ட்வெங்லர் பெர்லினில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியை நடத்தினார். முடிவுப் பகுதியின் படச்சுருள் இருக்கிறது. கோயபல்ஸ் மேடையருகே வந்து கை நீட்டுகிறார். இவர் குனிந்து கை கொடுக்கிறார். பிறகு கைக்குட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுகிறது. அவர் அந்த ஸ்பரிசத்தைத் துடைத்துக்கொண்டார் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1946 டிசம்பரில் பெர்லின் விசாரணைக் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. என்றாலும் இவ்வளவு பெரிய கலைஞனுக்காக வாதாட ஒரு கைக்குட்டையைத் தேட வேண்டியிருக்கிறது.