விஞ்ஞானத்தை எடுத்துரைப்போரும் அவர்தம் பயிற்சியும்: மானிப்பாய் தரும் வரலாற்றுப் பாடம்

விஞ்ஞான உண்மைகளைக் கண்டறிதல் ஒரு பணி. கண்டறிந்தவற்றை அத்துறை சாராத மக்கள் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைத்தல் பிறிதொரு பணி. இவ்விரண்டாம் பணிக்குத் தனிப் பயிற்சியும் கருவிகளும் வேண்டும் என்னும் உணர்வு மேனாடுகளில் இருபதாம் நூற்றாண்டிலே வலுப்பெற்றது. 1934இல் அமெரிக்கச் செய்தியாளர் பன்னிருவர் கூடி விஞ்ஞான எழுத்தாளர் தேசிய சங்கத்தை நிறுவினர். 2002இல் தோன்றிய உலக விஞ்ஞானப் பத்திரிகையாளர் சம்மேளனம் செய்தியாளர்க்கான இணையவழிப் பாடநெறியொன்றைப் பல மொழிகளில் வெளியிட்டது. எனினும், கலைச்சொல், பயிற்சி, நூல் வெளியீடு ஆகிய மூன்றையும் ஒருங்கிணைத்த முயற்சியொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிகழ்ந்தது. அது எவ்வாறு உருவாயிற்று, ஏன் நிலைக்காதொழிந்தது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1841இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திலிருந்து 'உதயதாரகை' என்னும் பத்திரிகையைத் தொடங்கினர். சமயப் பிரசாரமே அதன் முதல் நோக்கமாயினும், கல்வி, விஞ்ஞானம் முதலாய பொருள்களும் அதில் இடம்பெற்றன. இச்சூழலிலேதான் மருத்துவர் சமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். அங்கு அவர் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவங் கற்பித்தார். ஆங்கிலங் கற்ற மருத்துவர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து மக்கள் பயன்பெறுதல் அரிதாயிற்று. தாயகஞ் சென்று 1862இல் மீண்ட கிறீன், 1864 தொடக்கம் தமிழிலே மருத்துவங் கற்பிக்கலானார். எனவே, அவரது தமிழ்வழிக் கல்வி வெறும் மொழிப்பற்றின் விளைவன்று. அறிவு யாரைச் சென்றடைய வேண்டும் என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடை எனலாம்.

இவ்விடையைச் செயற்படுத்த முதலில் வேண்டப்பட்டது சொல்லாகும். வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லை முதலில் நாடுதல், அது கிடையாவிடத்து வடசொல்லைக் கொள்ளுதல், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப அமைத்தல் என்பதே கிறீன் கைக்கொண்ட முறை. அவர்தம் நூற்பெயர்களே இதற்குச் சான்று பகரும். 1872இல் வெளிவந்த உடலமைப்பு நூல் 'மனுஷ அங்காதிபாதம்' எனப்பட்டது. உடலை முடிமுதல் அடிவரை வருணிக்கும் கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கிய வகையை அறிந்த வாசகனுக்கு இப்பெயர் முற்றும் அந்நியமாய் இருந்திராது. உடற்றொழிலியல் 'சுகரணம்' ஆயிற்று. 1875இல் வெளிவந்த இரசாயன நூலோ ஆங்கிலப் பெயரையே தழுவிக் 'கெமிஸ்தம்' எனப்பட்டது. இச்சொற்களுட் பெரும்பாலன இன்று வழக்கிலில்லை. ஆயினும், ஒரு சொல்லை ஏன் ஆக்குகிறோம், எவ்வொழுங்கில் ஆக்குகிறோம் என்னும் தெளிவு அவற்றின் பின்னே இருந்தமை மறுக்கற்பாலதன்று.

அடுத்து வேண்டப்பட்டது பயிற்சி. கிறீனின் மாணாக்கர் மருத்துவங் கற்றதோடு மொழிபெயர்ப்பிலும் பங்குகொண்டனர். அவர்தம் மொழிபெயர்ப்புகளைக் கிறீன் பார்வையிட்டுத் திருத்தினார். பொருளறிந்தோனும் மொழியறிந்தோனும் ஒரே ஏட்டின்மீது கூடியிருந்து உழைத்த இம்முறை, வகுப்பறைப் பாடத்தினும் ஆழமான பயிற்சியாய் அமைந்திருத்தல் வேண்டும். 1873இல் நாடு திரும்பிய பின்னரும் கிறீன் இப்பணியைக் கைவிட்டிலர். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு புரிந்தமையைத் தம் கல்லறைக் கல்லிற் பொறிக்குமாறு அவர் வேண்டியிருந்தார்.

இத்துணை உழைப்பும் ஏன் தொடரவில்லை? கிறீன் சென்ற பின்னர்த் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பாடசாலை ஆங்கிலவழியிலேயே இயங்கிற்று. பதவியும் ஊதியமும் அம்மொழியையே சார்ந்திருந்தன. மானிப்பாய் முயற்சியோ தனியொருவரின் ஊக்கத்தையும் மிஷனின் ஆதரவையும் நம்பியிருந்தது. மாறிவரும் மருத்துவ அறிவுக்கேற்ப நூல்களைப் புதுக்கவும், புதிய மாணாக்கரைப் பயிற்றவும் நிலையான தாபனம் எதுவும் இருக்கவில்லை. இதனையே அம்முயற்சியின் தளர்ச்சிக்குத் தலையாய காரணமாக நாம் கருதுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டிற் சொற்பணி தாபன வலிமை பெற்றது. சென்னையில் 1938இல் வெளிவந்த 'கலைச்சொற்கள்' தொகுதியை உருவாக்கிய முயற்சிக்கு ஈழத்தவரும் விஞ்ஞானப் பட்டதாரியுமான சுவாமி விபுலானந்தர் தலைமை தாங்கினார். 1950களில் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்குச் சொற்றொகுதிகளை வெளியிடத் தொடங்கிற்று. ஐதரசன், ஒட்சிசன் முதலிய வடிவங்கள் நம் பாடசாலைகளில் வேரூன்றின; தமிழகத்திலோ ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்பன வழங்கின. இவ்வேறுபாட்டினும் கவனிக்கத்தக்கது பிறிதொன்றுண்டு. சொற்றொகுதிகள் மாணவனையும் ஆசிரியனையும் மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டன. செய்தித்தாளின் வாசகனுக்கு அச்சொற்களை விளக்குவோனைப் பயிற்றும் ஏற்பாடு அவற்றோடு ஒப்ப வளரவில்லை.

இக்குறைபாட்டின் விளைவை 2020இற் பரவிய கொரோனாப் பெருந்தொற்று உணர்த்திற்று. நோய் தொற்றியிருக்கக்கூடும் என ஐயுறப்பட்டவரை விலக்கி வைத்தலும், நோய் உறுதியானவரைப் பிரித்து வைத்தலும், ஓர் ஊரின் போக்குவரத்தைத் தடைசெய்தலும் வெவ்வேறு நடவடிக்கைகள். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இவை யாவும் 'தனிமைப்படுத்தல்' என்னும் ஒரு சொல்லாலேயே வழங்கப்பட்டமையைக் கண்டோம். தனிமைப்படுத்தப்பட்டவர் நோயாளியோ அல்லரோ என்பதை அச்சொல் உணர்த்தாது. ஐயுறப்பட்டவரெல்லாம் நோயாளராகவே எண்ணப்பட்டு அயலவரால் ஒதுக்கப்படுதற்கு இத்தகைய மயக்கம் இடந்தரும். சொல்லின் நுண்மை ஈண்டு மனிதரின் மானத்தோடும் நலத்தோடும் தொடர்புறுகின்றது.

இவற்றை நோக்குமிடத்து, மானிப்பாயின் அனுபவம் நமக்கு உணர்த்துவன சில உள. செய்தியாளரும் விஞ்ஞானிகளும் ஒரே ஏட்டைக் கூடியிருந்து திருத்தும் பயிற்சிக் களங்கள் பல்கலைக்கழகங்களில் அமைதல் வேண்டும். சொற்றொகுதிகள் காலந்தோறும் புதுக்கப்பட்டு, செய்தி எழுதுவோனுக்கு உடனே எட்டுவனவாதல் வேண்டும். இவை தனியொருவரின் ஆர்வத்தை நம்பியிராது தாபனப் பொறுப்பாதல் இன்றியமையாதது. கிறீன் தம் வாழ்நாளில் நூல்களை ஆக்கினார். அவற்றைப் புதுக்கும் வழிமுறையை ஆக்கும் கடன் நம்முடையதாகும்.