மேக்காத்தும் செம்மணலும்

2022 ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை. தாபோடியில் எங்கள் வீட்டு பால்கனியில் காயப் போட்ட துணி எல்லாம் மறுபடி தோய்க்க வேண்டிய நிலைமை. வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது, வெயில் இருந்தும் நிழல் விழவில்லை. பாகிஸ்தான் பக்கம் கிளம்பிய புழுதி அரபிக்கடலைத் தாண்டி, குஜராத், மும்பை வழியாகப் புனே வரை வந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். வீட்டு வேலைக்கு வரும் மாவஷி தரையைத் துடைத்தபடி "தூள்... சகளீகடே தூள்" என்று அலுத்துக்கொண்டார். மராட்டியிலும் அது தூள்தான்!

எனக்கு அலுப்பு வரவில்லை. ஊர் ஞாபகம்தான் வந்தது. நான் பிறந்தது உடன்குடிக்கு மேற்கே, தேரி ஓரத்து கிராமம். ஆனி, ஆடி மாதங்களில் சோற்றுப் பானையைத் திறந்தால் மேலே ஒரு சிவப்புப் படலம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வெள்ளையாக இருந்த சட்டை, திரும்பும்போது காவி ஆகியிருக்கும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பதை எங்கள் ஊரில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை :-)

அந்தத் தேரியைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். பி.காம் படித்து பேங்கில் கணக்குப் பார்ப்பவனுக்கு மணலைப் பற்றி என்ன தெரியும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன மாதம் சித்தப்பா செய்த ஒரு போன், எழுதியே ஆகவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தேரியைப் பார்க்காதவர்களுக்காக: தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கமும், திருநெல்வேலி மாவட்டத்தில் ராதாபுரம் பக்கமும் மைல் கணக்கில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகள்தான் தேரி. குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. தமிழ் சினிமாக்காரர்களுக்குப் பாலைவனம் வேண்டுமென்றால் ராஜஸ்தான் போகாமல் இங்கே வந்துவிடுவார்கள்.

இந்த இடத்துக்கு மட்டும் ஏன் இப்படி? காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. மிச்சமிருக்கும் வறண்ட காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியே பிதுங்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. இதைத்தான் நாங்கள் மேக்காத்து என்போம். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆக மழைக்காலம் வேறு, காற்றுக்காலம் வேறு. காற்று பலமாக வரும் நாட்களில் மண் எலும்பு போலக் காய்ந்து கிடக்கும். இதே காற்று ராஜஸ்தானிலோ லிபியாவிலோ அடித்தால் என்ன செய்யுமோ, அதைத்தான் இங்கேயும் செய்கிறது.

காற்று மணலை எப்படித் தூக்குகிறது என்பதை ஒழுங்காக அளந்து சொன்னவர் ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களை ஓட்டித் திரிந்தவர். பிறகு லண்டனில் காற்றுச் சுரங்கம் அமைத்து, மணலை ஊதி ஊதிப் பார்த்தார். 1941ல் அதைப் புத்தகமாக எழுதினார். (தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியின் மதில் சுவரைத் தாண்டும்போதெல்லாம் இந்த மனிதர் ஞாபகம் வருகிறது.)

அவர் சொன்னதன் சாரம் இதுதான். மணல் பறப்பதில்லை, குதிக்கிறது. கால் மில்லிமீட்டர் அளவுள்ள மணல்துகள் காற்றில் எழும்பி, கொஞ்ச தூரம் போய், மறுபடி தரையில் மோதுகிறது. மோதும்போது இன்னும் சில துகள்களைக் கிளப்பிவிடுகிறது. அவை போய் மேலும் சிலவற்றை! தூக்க முடியாத பெரிய துகள்களும் இந்த அடியில் மெதுவாக உருளுகின்றன. இதெல்லாம் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள் நடக்கிற சமாச்சாரம். தேரியில் நடந்தவர்களுக்குத் தெரியும், முகத்தைவிடக் கெண்டைக்கால்தான் அதிகம் எரியும்.

தூசி வேறு ஜாதி. ரொம்பப் பொடியாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். வழவழவென்று பரப்பிய சிமெண்ட் தூளைப் பலத்த காற்றுகூட லேசில் கிளப்பவில்லை என்று பேக்னால்ட் பார்த்தார். ஆனால் மணல்துகள் வந்து மோதினால், அல்லது மாட்டுக் குளம்போ லாரி டயரோ கலைத்தால், தூசி கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால் பிறகு அது இறங்க நாள் கணக்காகும். கடல் தாண்டி எங்கள் பால்கனி வரை வரும்.

மணல் போகிற வழியில் ஒரு புதரோ கல்லோ இருந்தால் அங்கே காற்றின் வேகம் குறைகிறது, சுமையை இறக்கி வைக்கிறது. அதுதான் மேட்டின் பிள்ளையார் சுழி. மேடு வளர்ந்ததும், காற்று வரும் பக்கம் சாய்வாகவும், மறுபக்கம் சுமார் 33 டிகிரியில் செங்குத்தாகவும் நிற்கும். மணல் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் சரியச் சரிய, மேடே நடக்க ஆரம்பிக்கும்.

என் உத்தியோகத்துக்குப் பிடித்த கணக்கு ஒன்றும் இதில் இருக்கிறது. காற்று சுமக்கும் மணலின் அளவு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிப் போகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மணல் ஏறக்குறைய எட்டு மடங்கு. கூட்டு வட்டி தோற்றது போங்கள்! காற்றாலைக்குக் கிடைக்கும் சக்தியும் இதே மும்மடிக் கணக்குதான். 1986ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் நட்டதும், பிறகு முப்பந்தலில் காடு போல அவை முளைத்ததும் தற்செயல் இல்லை. தேரியைக் குவித்த அதே காற்றைத்தான் இப்போது கரண்டாக மாற்றுகிறோம்.

சரி, இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? 1841ல் இடையன்குடிக்கு வந்து அரை நூற்றாண்டு இருந்த கால்டுவெல், இந்தச் செம்மணலையும் பனங்காட்டையும் பற்றி எழுதியிருக்கிறார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1883ல் வெளியான அறிக்கையில், மலையடிவாரச் செம்மண்ணைத்தான் மேக்காத்து கிழக்கே தள்ளியது என்றார். பிற்பாடு வந்தவர்கள் கடலையும் கணக்கில் சேர்த்தார்கள். கடல் உள்வாங்கியிருந்த காலத்தில் வெளியே தெரிந்த மணலைக் காற்று குவித்தது என்றும், மணலில் உள்ள இரும்புச் சத்துள்ள தாதுக்கள் நாளடைவில் துருவேறிச் சிவந்தன என்றும் சொன்னார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சாயர்புரம் பக்கத் தேரிகளில் ஃபூட் சின்னச் சின்னக் கல் கருவிகளைக் கண்டெடுத்திருந்தார். 1956ல் ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் இருவரும் அந்த இடங்களை ஆராய்ந்து எழுதினார்கள். நகரும் மணலில் யாரும் உட்கார்ந்து கல் செதுக்க மாட்டார்கள். மேலே புழுதியாக ஓடும் மணலுக்கு அடியில் பழைய மணல் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. அதாவது, இந்தத் தேரி பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே ஒரு முறை அடங்கி, செடிகொடி மூடி, மனிதன் தங்கும்படி இருந்திருக்கிறது. ஆகவே தேரி எப்போதும் ஓடிக்கொண்டே இருந்த பாலைவனம் இல்லை. மேல் போர்வை இருந்தால் தூங்கும், போர்வையை உருவினால் எழுந்து நடக்கும்.

அந்தப் போர்வை எது? உடைமரம், கொல்லா மரம், எருக்கு, கொளுஞ்சி, புல், எல்லாவற்றுக்கும் மேலே பனை. பனை மட்டும் போதாது, அடியில் முளைப்பதும் வேண்டும். ஆனால் பனையேறிகள் இருந்தவரை யாரும் அந்தக் காட்டை அழிக்கவில்லை. பதநீரும் விடிலியில் காய்ச்சிய கருப்பட்டியும்தான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டன. 

போர்வையை உருவினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. புல்வெளியை எல்லாம் கோதுமைக்காக உழுது போட்டார்கள். 1930களில் மழை பொய்த்தது. 1934 மே மாதம் கிளம்பிய புழுதி நியூயார்க் வரை போய், அட்லாண்டிக் கடலில் கப்பல்கள் மேலும் விழுந்தது. 1935ல் மண்ணைக் காக்க ஒரு சட்டமே போட்டார்கள்.

எங்கள் பக்கமும் ஒரு முறை பெரிய பரபரப்பு வந்தது. தேரி மணலில் உள்ள தாதுவிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்க டாடா ஸ்டீல் 2007ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. சாத்தான்குளம், ராதாபுரம் வட்டாரங்களில் எதிர்ப்பு கிளம்ப, அந்த வருடமே திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. வேலை வரும் என்று நம்பியவர்களும் உண்டு, நிலம் போகும் என்று பயந்தவர்களும் உண்டு. இரண்டு பேரையும் என்னால் குறை சொல்ல முடியாது. 

இப்போது சித்தப்பா போனுக்கு வருகிறேன். தேரி ஓரத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் 30 சென்ட் கூட்டுப் பட்டா. நாற்பத்தோரு பனை. ஒரு பார்ட்டி நல்ல விலை சொல்கிறதாம், மரத்தை எடுத்துவிட்டு மேட்டைச் சமன் செய்து தர வேண்டுமாம். என் கையெழுத்தும் வேண்டும். "ஏய்யா, அந்த மண்ணுல என்ன வெளையுது? நீயும் வரமாட்ட, மரம் ஏறவும் ஆளில்ல. தங்கச்சி கல்யாணம் தையில வருது" என்றார்.

நியாயமான கேள்விதான். லோன் மனுவில் இதே நிலத்தை யாராவது அடமானம் வைத்தால் நானே 'தரிசு' என்று எழுதி, ஒன்றும் தேறாது என்று ஃபைலை மூடிவிடுவேன். இருபது வருடமாக அப்படித்தான் எழுதியும் வந்திருக்கிறேன். அந்த நிலம் தனக்காக ஒன்றும் விளைவிக்காமல், கிழக்கே இருப்பவர்களின் முருங்கைத் தோட்டத்தையும் கிணற்றையும் காத்து நிற்கிறது என்று எழுத எங்கள் ஃபாரத்தில் கட்டம் கிடையாது.

பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021லேயே அறிவித்துவிட்டார்களே என்று முதலில் சட்டம் பேசிப் பார்த்தேன். "அதெல்லாம் அவன் பாத்துக்கிடுவானாம்" என்றார். பிறகு ஒன்று மட்டும் கேட்டேன்: "சித்தப்பா, நம்ம பனைக்குக் கெழக்க யாரு வீடெல்லாம் இருக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "கெணத்துல மண்ணு விழும்ங்கியா?" என்றார்.

கல்யாணத்துக்கு என் பி.எஃப்.பிலிருந்து ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் பங்கை நானே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை. வீட்டம்மா இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை, அது தனிக் கதை. சித்தப்பா ஆடி வரைக்கும் பார்ட்டியை நிறுத்தி வைத்திருக்கிறார். ஆடியில் நானும் போகிறேன். மேக்காத்து அடிக்கும்போது அந்த நாற்பத்தோரு பனைக்குக் கிழக்கே ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும்.