வம்பன் வயலும் வேரின் மொழியும்

புதுக்கோட்டை என்றதும் கல்லில் பொறித்தவையே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, சித்தன்னவாசல், நார்த்தாமலை என அந்த வரிசை நீளும். அதே மாவட்டத்தின் செம்மண்ணுக்குள், எந்தக் கல்லிலும் ஏறாத உரையாடல் ஒன்று பருவந்தோறும் நடந்து வருகிறது. பயறுச் செடியின் வேரும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரும் வேதிப்பொருள்களால் பேசிக்கொள்ளும் உரையாடல் அது. அதை மனிதர் செவிமடுக்கக் கற்ற வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

ஆலங்குடிக்கு அருகிலுள்ள வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. உளுந்து, பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு ஆகியவற்றில் 'வம்பன்' என்ற பெயர் தாங்கிய ரகங்கள் இங்கிருந்தே தமிழக வயல்களுக்குச் சென்றன. மானாவாரியும் கண்மாய்ப் பாசனமுமாக வாழும் இம்மாவட்டத்தின் செம்மண்ணில் தழைச்சத்து குறைவு. தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் பயிருக்கு இத்தகைய நிலத்தில் தனி மதிப்பு உண்டு.

பயறு விளைந்த நிலம் வளம் பெறும் என்பதை உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பாக, ஈரம் காயாத வயலில் உளுந்து தெளிக்கும் வழக்கம் அவ்வறிவின் சாட்சி. காரணம் புலப்பட 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானியர், வேரிலுள்ள முடிச்சுகளே காற்றின் நைட்ரஜனைச் செடிக்குச் சேர்க்கின்றன என்று அவ்வாண்டு பெர்லினில் அறிவித்தார். 1888இல் ஹாலந்தின் பெய்ஜெரிங்க் அம்முடிச்சுகளிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பின்னர் ரைசோபியம் என்று பெயர் பெற்றது அந்த நுண்ணுயிரே.

கோடானுகோடி உயிர்கள் நெருங்கி வாழும் மண்ணில் இவ்விரண்டும் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன? விடை கிடைக்க மேலும் நூறாண்டு ஆயிற்று. முதலில் பேசுவது செடி. பூக்களுக்கு நிறம் தரும் பொருள்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிளாவனாய்டுகளை அதன் வேர் மண்ணில் கசியவிடுகிறது. குதிரைமசால் செடியின் லூட்டியோலின் பாக்டீரியாவின் மரபணுக்களைத் தூண்டுவதை 1986இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். பாக்டீரியா தரும் மறுமொழியின் வேதி அமைப்பு 1990இல் பிரான்சின் துலூஸ் நகரில் தெளிவாயிற்று. நண்டோட்டில் உள்ள கைட்டினின் சிறு துண்டு ஒன்றும், அதனோடு பிணைந்த கொழுப்பமில வால் ஒன்றுமே அம்மறுமொழி. மிகச் சொற்ப அளவே போதும். வேர்த்தூவி வளைந்து பாக்டீரியாவை அணைத்துக்கொள்ளும், வேரின் உட்புறத்தில் செல்கள் பிரிந்து முடிச்சு உருவாகும்.

எல்லாச் செடிக்கும் எல்லா பாக்டீரியாவும் பொருந்துவதில்லை. கொண்டைக்கடலையின் துணை உளுந்துக்கு உதவாது. ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலை, தட்டைப்பயறோடு உறவாடும் பாக்டீரியாக்களையே தனக்கும் துணையாக ஏற்கிறது. ஆலங்குடி வட்டாரத்துக் கடலைக் கொல்லைகளில் அந்நியச் செடி உள்ளூர் மண்ணோடு பேசியது இவ்வாறுதான்.

இந்த உரையாடலுக்கு ஊறும் உண்டு. யூரியா மிகுந்து கிடைக்கும்போது செடி முடிச்சிடுவதைக் குறைத்துக்கொள்கிறது. கேளாமலே கிடைப்பதற்கு யாரும் தூது அனுப்புவதில்லை. கடுங்கோடையில் காய்ந்த மண்ணில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் சரிகிறது. ஆகவேதான் ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்குமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. பூசணக்கொல்லி கலந்த விதையானால் 24 மணி நேரம் கழித்தே நுண்ணுயிரைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் அழைத்த விருந்தினருக்கு நாமே நஞ்சிட்டவர்களாவோம்.

கல்வெட்டைப் படிக்க மசிப்படி எடுப்பார்கள். மண்ணின் இந்த எழுத்தைப் படிக்க அதுவும் வேண்டாம். பூக்கும் பருவத்து உளுந்துச் செடி ஒன்றை மண்ணோடு மெல்லத் தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் போதும். நம் குருதிச் சிவப்புக்கு உறவான லெக்ஹீமோகுளோபினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், உரையாடல் தொடர்கிறது என்று பொருள். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அது தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. உர மூட்டைக்குப் பணம் எடுத்து வைக்குமுன் உழவர் படித்தறிய வேண்டிய எழுத்து அது.