முப்பது ஷில்லிங் யாருடையது?

1915ஆம் ஆண்டு லண்டனில் ஜி. பெல் அண்ட் சன்ஸ் பதிப்பகம் ஒரு கடிதத் தொகுப்பை வெளியிட்டது. 'தாய்மை: உழைக்கும் பெண்களின் கடிதங்கள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மொத்தம் 160 கடிதங்கள். எழுதியவர் பெயர் எதிலும் இல்லை, எண்கள்தாம் உண்டு. கடிதங்களின் முடிவில் கணவனின் வாரக்கூலி, பெற்ற பிள்ளைகள், இறந்து பிறந்தவை, கருச்சிதைவுகள் என்று ஒரு சிறு கணக்கு வருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் பிரசவம் பெரும்பாலும் சாத்திய கதவுக்குப் பின்னால் நிகழ்வது. மாடிப்படியில் காலடிகள் கேட்கும், மருத்துவர் வருவார், பின்னர் குழந்தையின் அழுகுரலோ தாயின் மரணச் செய்தியோ வந்து சேரும். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதை உள்ளே இருந்தவர்களே எழுதிய அரிய ஆவணம் இத்தொகுப்பு. இது உருவான சூழலில் இருந்ததோ, இலக்கியத்துக்குச் சற்றும் தொடர்பில்லாதது போல் தோன்றும் ஒரு காப்பீட்டுச் சட்டம்.

*

நோய்க்காலக் காப்பீட்டைச் சட்டமாக்கியதில் முன்னோடி பிஸ்மார்க்கின் ஜெர்மனி, ஆண்டு 1883. பிரிட்டனின் நிதியமைச்சர் லாய்ட் ஜார்ஜ் 1908இல் ஜெர்மனி சென்று அந்த ஏற்பாட்டை நேரில் கண்டு திரும்பினார். அதன் விளைவாக 1911 டிசம்பரில் நிறைவேறியதே தேசியக் காப்பீட்டுச் சட்டம். ஆண் தொழிலாளியின் கூலியிலிருந்து வாரம் 4 பென்ஸ் பிடிக்கப்படும். முதலாளி 3 பென்ஸ் தருவார். அரசு 2 பென்ஸ் சேர்க்கும். நாலு பென்ஸுக்கு ஒன்பது பென்ஸ் என்று லாய்ட் ஜார்ஜ் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தது இதைத்தான். நோயுற்றுப் படுத்தால் ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், மருத்துவரின் கவனிப்பு இலவசம். இவற்றோடு பிரசவத்துக்கு 30 ஷில்லிங் உதவித்தொகை. 1913 ஜனவரியில் இப்பயன்கள் வழங்கப்படலாயின.

30 ஷில்லிங் என்பது ஒன்றரை பவுண்டு. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை இன்னொரு புத்தகம் சொல்லும். லண்டனின் லாம்பெத் பகுதித் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவை ஃபேபியன் பெண்கள் குழு 1909 முதல் வாரந்தோறும் குறித்துவந்தது. அதை நூலாக எழுதிய மாட் பெம்பர் ரீவ்ஸ் அதற்கிட்ட தலைப்பு 'வாரம் சுமார் ஒரு பவுண்டு'. வாடகை, நிலக்கரி, ரொட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அத்தகைய வீட்டுக்கு ஒன்றரை வாரச் சம்பளம் ஒரே தவணையில் வருவது அதற்கு முன் கண்டிராத நிகழ்ச்சி.

ஆனால் கூலிவேலைக்குப் போகாத மனைவிக்குச் சட்டத்தில் தனி இடம் கிடையாது. அவள் காப்பீடு செய்யப்பட்டவள் அல்லள். காப்பீடு செய்யப்பட்டவனின் மனைவி. ஆகவே பிள்ளை பெறுபவள் அவளாயினும் உதவித்தொகை சட்டப்படி கணவனுடையது. பேறுகாலத்தில் மனைவியைப் பேணுவது அவன் கடமை என்று சட்டம் ஓர் அறிவுரையையும் சேர்த்துக்கொண்டது. அறிவுரையை நம்பி மருத்துவச்சி வருவாளா என்ன?

*

இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தது மகளிர் கூட்டுறவு கில்டு. கூட்டுறவுக் கடைகளில் பொருள் வாங்கும் தொழிலாளர் குடும்பப் பெண்களுக்காக 1883இல் தொடங்கப்பட்ட அமைப்பு இது. 1889 முதல் 1921 வரை அதன் பொதுச்செயலாளராக இருந்தவர் மார்கரெட் லெவலின் டேவிஸ். பாதிரியாரின் மகள், கேம்பிரிட்ஜின் கர்டன் கல்லூரியை நிறுவியோருள் முதன்மையான எமிலி டேவிஸுக்கு அண்ணன் மகள். 'பீட்டர் பான்' எழுத ஜே. எம். பாரிக்குத் தூண்டுதலாக அமைந்த சிறுவர்கள் மார்கரெட்டின் சகோதரர் ஆர்தரின் பிள்ளைகள். அந்தச் சிறுவர்களை உலகம் அறியும். அவர்களுடைய அத்தையை அறிந்தோர் குறைவு.

வீட்டிலிருக்கும் மனைவியரையும் இந்த உதவித்தொகைக்குள் கொண்டுவரச் சட்டம் தயாரான காலத்திலேயே கில்டு முயன்றிருந்தது. அடுத்து, தொகை தாயின் சொத்தென்று சட்டமே கூற வேண்டும் என்று கேட்டது. எதிர்ப்பு வந்த திசைதான் வியப்புக்குரியது. தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் சிலரே, இது உழைக்கும் ஆணை அவமதிப்பதாகும், குடும்பத்துக்குள் சட்டம் புகுந்து அவனைக் குடிகாரன் என்று சந்தேகிப்பதாகும் என்று வாதிட்டனர். ஆனால் கணவன் நல்லவனா கெட்டவனா என்பதன்று கில்டின் கேள்வி. பின்னர் வந்த கடிதங்களைப் பாருங்கள், தம் கணவன் நல்லவன் என்று தெளிவாகவே எழுதியவர்கள் பலர். நல்லவன் வீட்டிலும் அவள் பட்டினி கிடந்தாள். ஈன்ற உடலுக்கு உரிய பணம் இன்னொருவர் நல்லெண்ணத்தின் வழியாக வர வேண்டியதில்லை என்பதே அவர்களுடைய வாதம். 1913இல் சட்டம் திருத்தப்பட்டது. 30 ஷில்லிங் தாயின் உடைமையாயிற்று.

அந்த ஆண்டு ஜூன் மாதம் நியூகாசிலில் நடந்த கில்டு மாநாட்டில் பார்வையாளராக அமர்ந்திருந்தார் வர்ஜீனியா வூல்ஃப். மணவிலக்கு, குறைந்தபட்சக் கூலி, பேறுகாலம் என்று பெண்கள் மேடையேறிப் பேசியதைக் கேட்டார். பின்னாளில் கில்டுப் பெண்களின் நினைவுக்குறிப்புகளை ஹோகார்த் பதிப்பகம் 1931இல் வெளியிட்டபோது அவர் எழுதிய முன்னுரைக் கடிதம் அந்த நாளை நினைவுகூர்கிறது. வெந்நீரும் முதலீட்டு வருமானமும் உள்ள தன் பரிவு வெளியே நிற்பவரின் பரிவே என்பதை அதில் வூல்ஃப் மறைக்கவில்லை.

*

திருத்தத்தோடு கில்டு ஓயவில்லை. கணவன் காப்பீட்டில் இல்லையென்றால் மனைவிக்கு ஒரு பென்னியும் கிடையாது. 30 ஷில்லிங்கும் பிள்ளை பிறந்த பின்னரே வரும், கர்ப்பகாலத்துக்கு எதுவுமில்லை. எனவே பேறுகாலக் கவனிப்பைக் காப்பீட்டிலிருந்து விடுவித்து உள்ளாட்சிச் சுகாதாரத் துறையின் பொறுப்பாக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வரைந்தனர். தாய்மை மையங்கள், நல்ல பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், வீட்டு வேலைக்கு உதவியாள், பால் ஆகியவை அதில் இருந்தன. இதற்கு ஆதாரம் வேண்டுமே! கில்டின் பொறுப்புகளில் இருந்த பெண்களுக்குக் கேள்விகள் அனுப்பப்பட்டன. 386 கடிதங்கள் வந்து குவிந்தன.

அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை சிலவே. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மருத்துவச்சிக்குச் சேர்க்கிறாள். மிச்சம் பிடிப்பது அவளுடைய தட்டிலிருந்து. கணவன் உழைக்க வேண்டும், பிள்ளைகள் வளர வேண்டும், ஆகவே இறைச்சி அவர்களுக்கு. வலி எடுக்கும்வரை துணி துவைக்கிறாள். பிள்ளை பெற்ற சில நாட்களில் மறுபடியும் தொட்டியருகே நிற்கிறாள். அடுத்த கருவைத் தாங்க இயலாதென்று மருந்து தேடுகிறாள். தன் உடலைப் பற்றித் தன் தாய்கூடத் தனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற ஆற்றாமை, வறுமையைக் காட்டிலும் கனமாகப் பல கடிதங்களில் ஒலிக்கிறது.

கணக்கையும் பார்க்கலாம். முழு விவரம் தந்த 348 தாய்மார்களுக்கு உயிருடன் பிறந்த பிள்ளைகள் 1,396, இறந்து பிறந்தவை 83, கருச்சிதைவுகள் 218. இவர்கள் பரம ஏழைகளும் அல்லர். கில்டில் சேர்ந்து பொறுப்பேற்கும் அளவுக்கு நிலைத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இவர்கள் நிலை இதுவானால் இவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் நிலையை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

தொகுப்புக்கு முன்னுரை தந்தவர் அமைச்சர் ஹெர்பர்ட் சாமுவேல். போர் நடந்துகொண்டிருந்தது. நாகரிகங்களின் மோதலில் மக்கள்தொகையே பலம், இழக்கப்படும் சிசுக்கள் நாட்டுக்கு நட்டம் என்ற நோக்கில் அவர் எழுதினார். பக்கத்தைப் புரட்டினால் இன்னும் ஒரு பிள்ளை வேண்டாம் என்று கதறும் பெண்கள். நாடு தலைகளை எண்ணியது. அவர்கள் தம் இடுப்புவலியைப் பற்றி எழுதினார்கள். முன்னுரையும் நூலும் ஒன்றுக்கொன்று இவ்வளவு விலகி நிற்பதை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. எனினும் அந்த விலகலே வேலைக்கு உதவியது. அரசின் அச்சமும் பெண்களின் கோரிக்கையும் ஒரே வாசலில் வந்து நின்றன. தாய்மை மையங்களுக்கு 1914இலேயே மானியம் அறிவிக்கப்பட்டிருந்தது. 1918இல் தாய்சேய் நலச் சட்டம் வந்தது.

*

இத்தகைய வரலாற்றை வெற்றிக்கதையாக முடித்துவிடுவது எளிது. உண்மை அப்படியில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900 வாக்கில் ஆயிரத்துக்கு 150ஐ ஒட்டியிருந்த சிசு மரணம் 1930இல் 60 அளவுக்கு இறங்கிற்று. தாய்மாரின் மரணமோ ஆயிரம் பேறுகளுக்குச் சுமார் நான்கு என்ற அளவிலேயே 1930களின் நடுப்பகுதிவரை அசையாது நின்றது. பிரசவக் காய்ச்சல் செல்வர் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. 1936இல் லண்டன் குவீன் சார்லட்ஸ் மருத்துவமனையில் லெனர்ட் கோல்புரூக் சல்ஃபா வகை மருந்தின் ஆற்றலை நிறுவிய பின்னரே அந்தக் கோடு செங்குத்தாகக் கீழிறங்கியது. ஆக, 30 ஷில்லிங் உயிர்களைக் காத்தது என்று சொல்வதற்கில்லை. அது ஓய்வைத் தந்திருக்கலாம். சில வேளை உணவைத் தந்திருக்கலாம். தன் பெயருக்கு வரும் பணம் என்ற ஒன்றை அவளுக்கு முதன்முதலாக அது காட்டியது.

அந்த வழக்கும் 1913இல் தீர்ந்துவிடவில்லை. 1945இல் குடும்ப உதவித்தொகை மசோதா வந்தபோது பணம் தந்தைக்கு உரியது என்றே முதலில் எழுதியிருந்தார்கள். எலனோர் ராத்போன் கடுமையாக எதிர்த்தார். உறுப்பினர்கள் தம் விருப்பப்படி வாக்களிக்க விடப்பட்டனர். அது தாய்க்கு என்று மாறியது. முதல் தவணை 1946 ஆகஸ்டில் வழங்கப்பட்டது. ராத்போன் அவ்வாண்டு ஜனவரியிலேயே இறந்திருந்தார்; மார்கரெட் 1944இல். தந்தையின் சம்பளத்தில் கிடைத்துவந்த வரிச்சலுகையை எடுத்துத் தாய்க்குத் தரும் குழந்தை நலத்தொகைத் திட்டத்தை 1976இல் காலகனின் அமைச்சரவை தள்ளிப்போட முனைந்தது. ஆண் தொழிலாளியின் கைக்கு வரும் சம்பளம் குறையுமே என்ற கவலைதான் அப்போதும் காரணம். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வாதம்.

கடிதத் தொகுப்பை விராகோ பதிப்பகம் 1978இல் மறுபதிப்புச் செய்தது. பழைய பதிப்பை இணைய நூலகங்களில் இலவசமாகவே வாசிக்கலாம். வாசிக்கிறவர்கள் கடிதங்களின் அடியில் உள்ள சிறு கணக்கைத் தாண்டிப் போய்விடாமல் ஒரு கணம் நிற்க வேண்டும். கூலி இத்தனை, பிள்ளைகள் இத்தனை, இழந்தவை இத்தனை. வாழ்நாளெல்லாம் பிறர் செலவுக்குக் கணக்கெழுதிய பெண்கள், தம் உடலின் செலவை எழுதிவைத்த பக்கங்கள் அவை.