எல் நினோ: பைட்டா கடலோடிகளின் சொல்

பெரு நாட்டின் வடகரையில் பைட்டா என்றொரு துறைமுகம். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டத்தால் அந்தக் கடல் குளிர்ந்தே கிடக்கும். கிறிஸ்துமஸை ஒட்டி மட்டும் வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீர் கரையோரமாக இறங்கிவரும். குழந்தை இயேசு பிறந்த நாளை ஒட்டி வருவதால், அங்குள்ள கடலோடிகள் அதற்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் 'நினோ' என்றால் ஆண்குழந்தை. கடற்படைக் கேப்டன் கமிலோ கர்ரியோ 1892இல் லிமா புவியியல் கழகத்துக்கு இதைத் தெரிவித்தார். கரையில் வழங்கிய சொல் அப்படித்தான் ஏட்டில் ஏறியது.

ஒலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லின் நடு எழுத்து ஸ்பானிய மொழியில் நம் ஞகரமாகவே ஒலிக்கிறது. 'எல் நீஞோ' என்று எழுதியிருந்தால் பைட்டாக்காரருக்கே புரிந்திருக்கும். ஆங்கில ஏடுகள் வழியாக வந்ததால் 'நினோ' ஆகிவிட்டது. கையில் எழுத்து இருந்தும் ஒலியை விட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தம்தான்.

ஆண்டுதோறும் வந்துபோன அந்தச் சிறு நீரோட்டம், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் தங்கியது. அப்போது மீன் விலகிப்போனது. பாலைநிலத்தில் பெருமழை கொட்டியது. நாளடைவில் பெயர் அந்தப் பெரிய வரவுக்கே உரியதானது. நம் மொழியிலும் இப்படி நடந்ததுண்டு. திருக்குறளின் வான்சிறப்பில் 'புயல்' என்றால் மழை. உழவனுக்கு வாழ்வு தரும் மழை. இன்று அதே சொல்லைக் கேட்டால் படகைக் கரையேற்றுகிறோம்.

சொல்லின் அடுத்த வளர்ச்சிக்கு இந்தியாவில் வித்திடப்பட்டது. 1904இல் இந்திய வானிலைத் துறைத் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடி, உலகெங்குமிருந்து காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. இந்த ஊசலாட்டத்துக்குத் 'தென் அலைவு' என்று பெயரிட்டார். அதுவும் பெருவின் வெந்நீரும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று 1969இல் விளக்கியவர் வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னஸ். அதன்பின் எல் நினோ ஒரு கரையின் சொல்லாக இருக்கவில்லை. நீர் குளிரும் கட்டத்துக்கு 1980களில் 'லா நினா', அதாவது பெண்குழந்தை, என்ற பெயர் நிலைத்தது.

புயலோடு இச்சொல் சேர்ந்தது 1984இல். எல் நினோ ஆண்டுகளில் அட்லாண்டிக்கில் புயல்கள் குறைகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கிரே காட்டினார். கிழக்குப் பசிபிக் சூடேறும்போது கரீபியன் வானத்தின் உயரத்தில் மேலைக்காற்று வலுக்கிறது. கீழே ஒரு திசை, மேலே வேறு திசை என்று காற்று வீசினால் புயலின் தலை ஒருபுறமும் உடல் ஒருபுறமும் பிய்ந்துபோகும். லா நினாவில் அந்தத் தடை தளர்கிறது. 2020இல் அட்லாண்டிக்கில் பெயர் சூட்டப்பட்ட புயல்கள் மட்டும் 30.

வங்கக்கடலின் கணக்கு இன்னும் நுட்பமானது. லா நினா ஆண்டின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, புயல்கள் பெரும்பாலும் அந்தமானை ஒட்டிக் கிழக்கே தள்ளிப் பிறக்கின்றன. வெதுவெதுப்பான கடல்மேல் நெடுந்தூரம் வருவதால் வலுப்பெற நேரம் கிடைக்கிறது. 1999இல் ஒடிசாவைச் சிதைத்த பெரும்புயல் லா நினா ஆண்டில் வந்தது. அப்படியென்றால் எல் நினோவில் தமிழகக் கரைக்கு நிம்மதியா? இல்லை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் எல் நினோவில்தான் மிகுகிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது கரையில் எந்தப் புயலும் இல்லை, மழைதான் இருந்தது.

ஆகவே எல் நினோ என்பது பகடையின் ஒரு பக்கம் சற்றுக் கனப்பதைச் சொல்லும் சொல். எந்த நாளில் எந்த ஊரில் என்ன விழும் என்று அது சொல்லாது. ஐப்பசி பிறக்குமுன் 'இது எல் நினோ ஆண்டு, புயல் பயமில்லை' என்று தலைப்புப் போடும் நண்பர்களே, தயவுசெய்து வேண்டாம். 2023 வலுவான எல் நினோ ஆண்டு. மிக்ஜாம் புயல் வந்தது அந்த டிசம்பரில்தான்.