அறுந்த கயிறும் கட்டிய மரமும்

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதங்கொண்ட யானை ஒன்றைக் காட்டுகிறார். பாகரைக் கொன்று, சங்கிலியைப் பொருட்படுத்தாது, கட்டுத்தறியை விட்டுத் திரியும் அந்த யானைக்கு அவர் எடுக்கும் உவமை கடலிலிருந்து வருகிறது. பெருங்காற்றில் வலிய கயிறு அறுந்து, பாய் கிழிந்து, பாய்மரம் அடியோடு முறிந்து, சுழியில் சிக்கிய நாவாய் அது. உவமைதான், ஆயினும் விபத்தின் வரிசை துல்லியமானது. முதலில் போவது கயிறு. மரம் முறிவது அதன் பிறகே.

கடலிலிருந்து வெகுதொலைவில், பின்னலாடை ஊரான வீரபாண்டியை வைத்துக்கொண்டு இதைப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கண்ணி விட்டால் துணி நெடுக ஓடும் என்பதை இவ்வூராருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. (பனியன் துணியில் பாய் தைக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். எப்பக்கமும் இழுபடும் துணி காற்றைத் தாங்கி வடிவம் காக்காது. பாய்க்கு நெய்த துணியே வேண்டும்.)

இன்று உலகக் கடற்கரைகளில் 'கேட்டமரான்' என்று ஓடுவது நம் கட்டுமரம் அன்று. சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தம் பயண நூலில் குறிப்பிட்டார். சொல் ஆங்கிலத்தில் தங்கியது. பொருளோ பின்னாளில் பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணிக்கு மாறிப்போயிற்று. 1876-இல் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டைப் படகால் நியூயார்க் பந்தயத்தில் வென்றார். தோற்றவர்கள் முறையிட்டதால் தகுதி நீக்கமும் பெற்றார். நூறாண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில், கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்ட்டர் மணலிலிருந்தே தள்ளிவிடக்கூடிய சிறு இரட்டைப் படகை வடித்தார். அவருடைய 'ஹோபி 16' ஒரு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டது.

இந்தச் சிறு படகின் உயரமான அலுமினியப் பாய்மரம் நிற்பது முன்புறம் ஒன்றும் பக்கத்துக்கொன்றுமாக மூன்று கம்பிவடங்களின் பலத்தில். வடத்தைப் படகோடு பிணைப்பது ஒரு சிறு முளை. அம்முளையைக் காப்பது விரல்நுனியளவுள்ள வளையம். கால்விரலோ கயிறோ பட்டு வளையம் கழன்றால் மரம் சாயும். ஆகவே பழகியவர்கள் கரையிலேயே அதன்மேல் ஒட்டுநாடா சுற்றிவிடுவார்கள். காற்றுவரும் பக்கத்து வடம் அறுந்தால், உடனே படகைத் திருப்பி மறுபக்கத்து வடத்தின்மேல் பாரத்தை ஏற்ற வேண்டும். அதற்குச் சில நொடிகளே கிடைக்கும். பின்னர், ஆள் தொங்குவதற்கென உள்ள கம்பியைத் தற்காலிக வடமாகக் கட்டிக்கொண்டு மெல்லக் கரை சேரலாம். முன்வடம் போனால் காற்றின் போக்கிலேயே திரும்பிக்கொண்டு, பாயேற்றும் கயிற்றை முன்னால் இழுத்துக் கட்டுவார்கள். இவை எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று: கரையோர மின்கம்பியில் பாய்மரம் உரசி உயிர்கள் போயின. 1980களில் மரத்தின் மேற்பகுதியை மின்கடத்தாப் பொருளால் செய்யத் தொடங்கினர்.

கட்டுமரத்தில் இக்கவலைகளில் பல கிடையா. ஏனெனில் அதில் ஆணியும் முளையும் இல்லை. இலேசான மரத்தடிகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் பிணைத்ததே கலம். அலை அடிக்கையில் தடிகள் சற்றே அசைந்துகொடுக்கும், உடையா. நீர் இடுக்கு வழியே புகுந்து அவ்வழியே போய்விடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்வார்கள். கரை வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை வெயிலில் உலர்த்துவது வழக்கம். ஒவ்வொரு முறையும் கயிறு கைக்கும் கண்ணுக்கும் வந்தாக வேண்டும். நைந்த இழை அப்போதே தெரிந்துவிடும். இதைவிடச் செம்மையான பராமரிப்பு முறை எந்தக் கையேட்டிலும் இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

துறைமுகம் அமையாத காலத்துச் சென்னையில் பயணிகள் மசூலாப் படகில் அலை தாண்டினர். அதுவும் ஆணியின்றிக் கயிற்றால் தைத்த படகே. கவிழ்ந்தவர்களை மீட்கக் கட்டுமரக்காரர்கள் அருகில் செல்வார்கள். கூம்பிய ஓலைக் குல்லாய்க்குள் கடிதங்களை நனையாமல் கப்பலுக்குக் கொண்டுபோனவர்களும் அவர்களே. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் வெளிவந்த தம் ஆய்வில் இந்தியப் படகு வகைகளை விரிவாகப் பதிவு செய்தார். அவருடைய அக்கறை கலத்தின் வடிவிலும் மூலத்திலும் இருந்தது. கட்டியவனின் சொற்களுக்கு அதே அளவு இடம் கிடைத்திருக்கலாம்.

அச்சொற்களுக்கு இடம் தந்தது புனைவுதான். பாயைக் காற்றுக்கேற்ப இழுத்துப் பிடிக்கும் கயிறு 'தாமான்', பாயைத் தாங்கும் குறுக்குக் கழி 'பருமல்'. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-இல் வந்தபோது நம்மில் பலர் கடலோரத் தமிழை முதன்முறையாக அச்சில் கண்டோம். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையிலிருந்த மரங்களை வாரிக்கொண்டு போயிற்று. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். அவற்றின் பின்புறத்தில் எஞ்சின் இருந்தது. பாய் கட்ட மரம் இல்லை, தாமான் இழுக்கவும் ஆளில்லை.