மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

147573952589676412927. மூச்சு வாங்குகிறதா? 67 ரெண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண். 'எதாலும் வகுபடாத பகா எண் இது' என்று 1644-ல் சொல்லிவிட்டுப் போனார் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. 1876-ல் லூக்காஸ், 'இல்லை, வகுபடும்' என்று நிரூபித்தார். எந்த எண்ணால்? அது அவருக்கும் தெரியாது!

1903 அக்டோபர். நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து, கரும்பலகையில் ஒரு பக்கம் இந்த எண்ணை எழுதினார். மறுபக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். ரெண்டும் ஒண்ணு! ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய் உட்கார, கைதட்டல் என்பார்கள். கண்டுபிடிக்க எத்தனை நாளாச்சு என்று பின்னால் கேட்டதற்கு, 'மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம்.

பெருக்க சில நிமிஷம். பிரிக்க மூணு வருஷம். இந்த எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் நொடியில் உடைத்துவிடும். ஆனால், பல நூறு இலக்கம் போனால் அதுவும் திணறும். இன்டர்நெட்டில் நீங்கள் பணம் அனுப்பும்போது காவலிருக்கும் பூட்டுகளில் ஒன்று, அந்தத் திணறல்தான்!